ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்

"ஜன்னல் பக்கம் இன்னும் ஒரு விரல் எடுங்க. கதவுப் பக்கம் கைய வெச்சீங்க, அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. கத்தரி அக்கா சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் தலையை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நிற்கும் கைபேசியை அதட்டிக்கொண்டிருக்கிறார். கைபேசிக்குள் ஓர் அறை. அறையில் ஒரு நாற்காலி. அதில் பழைய படுக்கை விரிப்பைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு ஒரு பிளம்பர். அவருக்குப் பின்னால் கத்தரியும் சீப்புமாக நிற்பவர் அக்காவின் கணவர். அந்த அறை இருப்பது வேறொரு நாட்டில். அந்த நாட்டில் அக்கா இன்னும் நான்கு வருடம் கால் வைக்கக் கூடாது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, விமான நிலையத்தில் பத்து விரல் ரேகையும் பதிந்துகொண்டு அனுப்பியிருக்கிறது.

"விரலைத்தானே சார் புடிச்சு வெச்சிருக்காங்க? வாயை யாரு புடிச்சா?" என்பது அக்காவின் சட்ட ஞானம்.

இடது, வலது என்ற சொற்களை அக்கா ஆறு வருடத்துக்கு முன்பே தலைமுழுகிவிட்டார். தொலைவிலிருந்து முடி வெட்டச் சொல்லிக்கொடுத்த முதல் வாரம், "இடது கிருதாவை ஏத்துங்க" என்று இங்கிருந்து சொன்னார். கணவர் தன் இடதை நினைத்தாரா, உட்கார்ந்திருந்தவரின் இடதை நினைத்தாரா, திரையில் தெரிந்த இடதை நினைத்தாரா என்பது இன்றுவரை வழக்கில் இருக்கிறது. உட்கார்ந்திருந்த கேன்டீன் சமையல்காரருக்கு ஒரு கிருதா காதுக்கு மேலேயும் மற்றது தாடைக்குக் கீழேயும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் நாற்காலியின் இடம் மாறுவதில்லை. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் கதவு. குழப்பம் தீர்ந்தது. நாக்கு பழகிப்போனதால் இங்கே எங்களுக்கு வெட்டும்போதும் அக்கா "தலையை ஜன்னல் பக்கம் சாய்ங்க" என்றுதான் சொல்கிறார். அவர் கடையில் ஜன்னலும் கதவும் ஒரே சுவரில் இருக்கின்றன. ஆனாலும் நாங்கள் சரியாகச் சாய்கிறோம்.

கடை எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், ஜெராக்ஸ் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் வெட்டுவார். இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்று ஏறும், இறங்காது. குள்ளமானவர்களை அதில் ஏற்றிவிட்டு, இறங்கும்போது அக்காவே கை கொடுப்பார். கைபேசி நிற்கும் தகரத் தாங்கி கணவர் செய்து கொடுத்தது. அவர் ஏசி காற்று போகிற பெரிய தகரக் குழாய்களை வெட்டி, வளைத்து, கூரையில் மாட்டுகிற தொழிலாளி. கைபேசிக்குச் செய்த அந்தத் தாங்கியில் அடுப்பையே தூக்கி வைக்கலாம், அசையாது.

பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கத்தரி அக்கா என்பதை அவசரத்தில் சொல்லும் பிள்ளைகளின் வாயில் அது காய்கறியாகிவிடும். அதற்கும் திரும்பிப் பார்ப்பார். பிளாஸ்டிக் தலைக்குப் பெயர் மேனேஜர். அக்கா அந்த நாட்டில் வேலை செய்த துப்புரவு கம்பெனியின் மேனேஜருக்கு, நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் இதே முகம்தானாம். கணவருக்கு ஒரு வெட்டு புரியாவிட்டால் மேனேஜரின் தலையைத் திருப்பி, முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, திரைக்கு அருகே கொண்டுபோய்க் காட்டுவார். "பாத்தீங்களா? மேனேஜர் எவ்வளவு பேசாம இருக்காரு. அந்த பிளம்பர் அண்ணனையும் ஆடாம இருக்கச் சொல்லுங்க."

நான் மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். என் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை. காதோரம் இரண்டு கீற்று, பின்னால் ஒரு வேலி. முழு முடி உள்ளவர்களை இருபது நிமிடத்தில் அனுப்பிவிடுகிறவர் எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். "கம்மியா இருக்கறதைத்தான் சார் பாத்துச் செய்யணும்" என்பார். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்ததிலிருந்து, "இதை எழுதிராதீங்க சார்" என்று ஆரம்பித்துத்தான் எல்லாவற்றையும் சொல்வார். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் என் வேலி தப்புமா என்று தெரியவில்லை.

அக்காவின் கடைக்குச் சில ஆண்கள் பெட்டியும் பையுமாக வருவார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக. வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்க, இவர்கள் முதலில் அக்காவிடம் தலையைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். எல்லோரும் அந்த அறைவாசிகள், அல்லது அதே மாடிக்காரர்கள். அக்கா அவர்களை உட்காரவைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, பின்னால் போய் நின்று பிடரியைப் பார்ப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கணவர் கையால் வெட்டிய தலை அது. மூன்று வாரத்துக்கு முந்தையதாக இருந்தாலும் அதில் அவருக்கு வேண்டியது எல்லாம் இருக்கும்.

போன வருடம் ஒரு வெல்டர் வந்தார். காதுக்கு மேல் போகிற கோடு ஓரிடத்தில் லேசாக அலைந்திருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. அக்கா அந்த நிமிடமே கைபேசியை எடுத்தார்.

"என்னங்க, கண்ணாடி மாத்தி எத்தனை வருசம் ஆச்சு?"

"எனக்கென்ன, கண்ணு நல்லாத்தானே தெரியுது."

"வெல்டர் அண்ணன் காது வேற மாதிரி சொல்லுதே. நாளைக்கே போய்க் காட்டுங்க."

பவர் கூடியிருந்தது. இன்னொரு முறை வந்தவரின் தலையில் மேலே எல்லாம் சுத்தம், கழுத்தோரம் மட்டும் கரடுமுரடு. "குனியறதில்ல" என்றார் அக்கா எனக்குக் காதோடு. "முட்டி வலி வந்திருக்கு, என்கிட்ட மறைக்கிறாரு." அதுவும் சரியாக இருந்தது. தினமும் இரண்டு வேளை கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற கணவன் மனைவி அவர்கள். ஆனால் முகம் என்ன சொல்லும்? "நல்லா இருக்கேன்" என்று சொல்லும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் வந்துபோகிற மனிதரின் மிச்ச எழுநூறு நாளையும் அக்கா அடுத்தவர் பிடரியில்தான் படிக்கிறார். இதைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அக்கா அப்போது சிரித்துக்கொண்டிருப்பார். "தகரம் நல்லா வெட்டியிருக்காரு" என்று அந்தத் தலையைச் செல்லமாகத் தட்டுவார். சிரிக்கிறவர் முன்னால் நான் மட்டும் எப்படி அழுவது?

வழக்கு என்னவென்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு முன் அழகு நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த நாட்டுக்குப் போனது துப்புரவுப் பணிக்கு. பதினோரு வருடம் கணவனும் மனைவியும் அங்கே அந்த ஒற்றை அறையில் சேர்ந்து இருந்தார்கள். மகன் இங்கே சித்தியிடம் வளர்ந்தான். விடுமுறை நாளில் கணவருக்கு முடி வெட்டியது, அவர் நண்பருக்கு ஆகி, நண்பரின் நண்பருக்கு ஆகி, கடைசியில் படிக்கட்டில் வரிசை நின்றது. கொடுத்ததை வாங்கிக்கொண்டார். விசாவில் எழுதியிராத தொழில் அது, செய்யக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள்.

"ரெண்டு அய்யா, ஒரு அம்மா. நாற்காலியில கிரேன் ஓட்டுற தம்பி. ஜன்னல் பக்கம் முடிச்சாச்சு, கதவுப் பக்கம் காடு. படியில ஏழு பேர். அந்தம்மா 'கத்தரியைக் கீழ வை'ன்னாங்க. 'பத்து நிமிசம் குடுங்கம்மா, அரைத்தலையோட ஒரு மனுசனை எப்படி வெளிய அனுப்பறது'ன்னேன்."

"குடுத்தாங்களா அக்கா?"

"இல்லன்னு சொல்லிட்டு போனைப் பாத்தாங்க. அதுக்குள்ள நான் முடிச்சுட்டேன். நல்லா வந்துச்சு சார் அந்த வெட்டு."

கத்தரியைக் கீழே வைத்திருந்தால் அபராதத்தோடு போயிருக்கும் என்று நீதிமன்றம் ஏற்பாடு செய்த இலவச வக்கீல் பிறகு தலையில் அடித்துக்கொண்டாராம். அதிகாரிகளின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. எச்சரித்த பிறகும், எங்கள் மூவர் முன்னிலையிலேயே, அந்தப் பெண் வேலையைத் தொடர்ந்து செய்து முடித்தார். அந்த ஒரு வரிதான் நாடுகடத்தலும் பத்து வருடத் தடையும். நீதிபதி, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். "முடி வெட்டறதும் சுத்தம் பண்றதுதானேங்க அய்யா?" என்றார் அக்கா. மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று நீதிபதி அதட்ட, அவர் மொழிபெயர்த்துச் சொல்ல, நீதிபதியின் உதடும் அசைந்தது.

"சிரிச்சுக்கிட்டே பத்து வருசம் போட்டாரு சார். நல்ல மனுசன். அவருக்கும் ஒரு கிருதா ஏறி, ஒண்ணு இறங்கி இருந்துச்சு. சொல்லலாமான்னு பாத்தேன், வக்கீல் கண்ணைக் காட்டிட்டாரு."

கிரேன் ஓட்டுநரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். முழுதாக வெட்டி முடித்த தலைதான் என்றாலும் அவருக்கு அங்கே 'அரைத்தலை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆறு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் அங்கே கைபேசியைப் பிடித்து நிற்பவர் அவர்தான். பாரம் தூக்கிப் பழகிய கை. "தம்பி, கொஞ்சம் கீழ... கீழ... நிறுத்து" என்று அக்கா சொன்னால், கைபேசி அங்குலக் கணக்கில் இறங்கி நிற்கும். இப்போது யாரும் யாரிடமும் ஒரு காசு வாங்குவதில்லை. ஒரே இடத்தில் தங்கியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சும்மா வெட்டிக்கொள்வது குற்றமில்லை என்று அந்த இலவச வக்கீலிடம் மூன்று முறை கேட்டு, எழுதியும் வாங்கி வைத்திருக்கிறார் அக்கா. சூடு கண்ட பூனை.

அக்கா இங்கே வந்த மூன்றாவது வருடம் மகனுக்கு வேலை கிடைத்தது. எங்கே? அதே நாட்டில், அப்பாவின் கம்பெனிக் கிடங்கில். பதினோரு வருடம் பிரிந்திருந்த பிள்ளையோடு மூன்றே வருடம் இருந்துவிட்டு, அக்கா மறுபடி வழியனுப்பினார். போன தை மாதம் அவன் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். அங்கே மருத்துவமனையில் நர்ஸ். பதிவுத் திருமணம். அவளுக்கு வேலையில் சேர்ந்து ஒரு வருடம் முடியாமல் விடுப்புக் கிடையாது. அடுத்த மாதக் கடைசிக்குள் திருமணச் சான்றிதழ் காட்டினால் மருத்துவமனையில் குடும்ப வீடு கிடைக்கும்; இல்லையென்றால் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஆகவே கல்யாணம் அங்கேதான்.

"நான் ஒரு வருசம் தள்ளிப் போடறேன்மா, நீ இல்லாம என்ன கல்யாணம்?" என்று மகன் கேட்டபோது நான் கடையில் இருந்தேன். அக்கா என் காதோரக் கீற்றை வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"நான் ஒருத்தி வர்றதுக்காக நீ ஒரு ஹாஸ்டல்ல, அவ ஒரு ஹாஸ்டல்ல கெடக்கணுமா? நானும் உங்கப்பாவும் கெடக்கறது போதாதா? வேலையைப் பாருடா."

பேச்சு அப்படி. ஆசை இல்லாமல் இருக்குமா? தடை விதிக்கப்பட்டவர்கள் குடும்ப விசேஷத்துக்கு ஒரு வாரம் வந்துபோக மனுப் போடலாம் என்று யாரோ சொல்ல, அக்கா என்னைப் பிடித்தார். "கதையெல்லாம் எழுதறீங்க, ஒரு மனு எழுத மாட்டீங்களா?" எழுதினேன். என் மனதைத் தொட்டுச் சொல்கிறேன், நான் எழுதியதிலேயே அதுதான் ஒழுங்கான எழுத்து. அதை அந்த நாட்டு மொழியில் பெயர்க்க ஆளும் தயார். கடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'எச்சரித்த பிறகும் பணியைத் தொடர்ந்து முடித்ததற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன்' என்ற இடத்தில் கண் திறந்தது.

"இந்த வரி வேணாம் சார்."

"அக்கா, மனுவுக்கு உயிரே இந்த வரிதான். இதைத்தான் அவங்க தேடுவாங்க."

"பர்மிட் இல்லாம வேலை செஞ்சது தப்பு. பத்து தடவை வேணும்னாலும் எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். முடிச்சதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. இல்லாததை எப்படி எழுதறது?"

"ஒரே ஒரு வரிக்கா. உங்க பையன் கல்யாணம்."

"தெரியும் சார். அந்தக் கல்யாணத்துல அந்த கிரேன் தம்பியும் நிக்கும். 'உனக்கு வெட்டி முடிச்சது என் தப்புதான்பா'ன்னு எழுதிக் குடுத்துட்டு, அவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பிழைக்கிறவன் நான். ஒரு வரியை மடக்கத் தெரியாதா? வீட்டுக்குப் போய், அதே விஷயத்தைச் சுற்றி வளைத்து, 'அன்றைய நிகழ்வின் முடிவு எனக்கு நிறைவளிப்பதாக இல்லை' என்று எழுதிக் கொண்டுவந்தேன். அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"இதுல வருத்தம் ஒளிஞ்சிருக்கு சார். எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். மனு போனது. இருபத்து மூன்றாம் நாள் இரண்டு வரிப் பதில் வந்தது. தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணம் எதுவும் இல்லை. அந்த வரி இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று நான் அக்காவைவிட அதிகமாகப் புலம்பினேன். அக்கா காகிதத்தை மடித்துக் கண்ணாடி இடுக்கில் சொருகினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் வருவதற்கு நேரம் ஆனது. கண் சிவந்திருந்தது. வந்து, காத்திருந்த சிறுமிக்கு முன்முடி வெட்டினார். நேராகத்தான் வெட்டினார்.

"பத்துல ஆறு போச்சு சார். மீதி நாலு. அப்ப பேரனோ பேத்தியோ பள்ளிக்கூடம் போற வயசுக்கு வந்திருக்கும். முதல் நாளுக்கு முடி வெட்ட நான் போய் நிப்பேன்" என்றார். பிறகு மேனேஜரைத் தூக்கி மேஜையில் வைத்தார். "மாப்பிள்ளைக்கு வெட்டறது மட்டும் நான்தான்."

இரண்டு வாரம் மேனேஜருக்குச் சோறு தண்ணி இல்லாத ஒத்திகை. பக்கவாட்டில் எவ்வளவு, மேலே எவ்வளவு, வகிடு எங்கே. வருகிற போகிறவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டார்; யார் கருத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ் கடை அம்மாள், இன்னும் கொஞ்சம் தூக்கிச் சீவலாமே என்றதற்கு, "உங்க பையனுக்குத் தூக்கிச் சீவுங்க" என்று கிடைத்தது. ஒவ்வொரு மாலையும் மேனேஜரைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்புவார். கணவர், "சரி" என்று பதில் போடுவார். மறுநாள் வேறு மாதிரி அனுப்பினாலும் அதே "சரி".

கல்யாணத்தன்று காலை கடைக் கதவில் 'இன்று முடி வெட்டுவதில்லை' என்று அட்டை தொங்கியது. உள்ளே உட்கார இடமில்லை. ஜெராக்ஸ் கடை அம்மாள், சலவைக் கடைக்காரர், மகனை வளர்த்த சித்தி, நான். அக்கா புதுப் புடவை கட்டி, அதன்மேல் கடையில் வழக்கமாகப் போடும் மேலங்கியைப் போட்டிருந்தார். சீப்புகளை வரிசையாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். அங்கே பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். திரை விழித்தது. அரைத்தலை புதுச் சட்டையில் தெரிந்தார்.

"அக்கா, எல்லாம் தயார்."

"தம்பி, கொஞ்சம் கீழ. கீழ. நிறுத்து. ஆங்."

மகன் விரிப்பைப் போர்த்திக்கொண்டு சிரித்தான். அப்பா பின்னால் வந்து நின்றார். சீப்பால் முடியை எடுத்தார். கத்தரியைத் திறந்தார். மூடவில்லை. கீழே இறக்கினார், மறுபடி எடுத்தார். கத்தரியின் முனை காற்றில் தடுமாறுவது எங்களுக்கே தெரிந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"தகரம்னு நெனைச்சுக்கோங்க."

"நெனைச்சுத்தான் பாக்கறேன், முடியலயேம்மா. நம்ம பையனா இருக்கானே."

எல்லோரும் சிரித்தார்கள், இங்கேயும் அங்கேயும். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து தோள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து, "நீ வந்து வெட்டியிருக்கணும்" என்றார்.

நான் பார்த்து அக்கா வாயடைத்து நின்றது அன்று ஒருநாள்தான். சித்தி மூக்கை உறிஞ்சினாள். அங்கே மணி ஒன்பதே முக்கால். அப்போது திரையின் கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அத்தை, நான் பிடிக்கவா?"

மணப்பெண். ஒரே காரில் போவதற்காகச் சீக்கிரம் வந்திருந்தாள். பட்டுப் புடவையின் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தாள். முழங்கை வரை கழுவிய இரண்டு கைகளையும் எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவள் போல நின்றாள். இதுவரை அவளும் அக்காவும் கைபேசியில் "சாப்பிட்டீங்களா அத்தை, சாப்பிட்டியாம்மா" என்பதற்கு மேல் பேசியதில்லை.

அக்காவுக்குக் குரல் வந்தது. "கத்தரி புடிச்சிருக்கியா?"

"தையல் பிரிக்கப் பிடிச்சிருக்கேன். முடிக்குப் பிடிச்சதில்ல."

"தையல் பிரிக்கறப்ப இழுப்பியா?"

"இழுத்தா வலிக்குமே, அத்தை."

"அப்ப வா. நீதான் ஆளு."

"அம்மா, இன்னிக்கு வேணாம்மா, போட்டோ எடுக்கணும்" என்று விரிப்புக்குள்ளிருந்து அலறல் வந்தது. "குனிடா" என்று இங்கிருந்தும் "குனிங்க" என்று அங்கிருந்தும் ஒரே நேரத்தில் உத்தரவு போனது. அவன் குனிந்தான். சலவைக் கடைக்காரர், "இனி நிமிர்ந்த மாதிரிதான்" என்றார் என் காதில்.

"ஜன்னல் பக்கம் ஆரம்பி. ரெண்டு விரலுக்கு நடுவுல புடி. விரலுக்கு வெளிய இருக்கறது மட்டும்." அவள் பிடித்தாள். வெட்டினாள். முதல் கொத்து விரிப்பில் விழுந்தது. அக்கா மேனேஜர் தலையில் அதே இடத்தைப் பிடித்துக் காட்ட, அவள் ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டுவாள். இரண்டாவது முறை பார்ப்பதில்லை. மாமனார் துண்டை இறக்கிவிட்டு எழுந்து வந்து தண்ணீர் அடிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டார். வேண்டாத இடத்திலெல்லாம் தண்ணீர் அடித்தார். "மாமா, போதும், சளி பிடிக்கும்" என்றாள் அவள். "நல்லாச் சொல்லும்மா" என்றார் அக்கா. இருபது நிமிடம் போயிருக்கும். அக்காவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் முழு வாக்கியம், பிறகு "அதேதான்", பிறகு வெறும் "ம்". கதவுப் பக்கம் வந்தபோது அதுவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அதை எழுதுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது.

"அத்தை, சரியா வந்திருக்கா பாருங்க."

அரைத்தலை கைபேசியை மெல்லப் பின்னால் கொண்டுபோய் இறக்கினார். திரை முழுக்க மகனின் பிடரி. கோடு நேராக இருந்தது. கழுத்தில் வெட்டுப்பட்ட சிறு முடிகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. "துண்டு எங்க மாமா?" என்று அவள் தேடுகிற சத்தம் கேட்டது.

அக்கா மேனேஜரை என் கையில் கொடுத்தார். எழுந்து, தாங்கியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்தார். உதட்டைக் குவித்து, அந்தக் கழுத்தில் ஊதினார். ஒருமுறை. நிதானமாக இன்னொரு முறை.

அங்கே மகன் தோளைக் குறுக்கிக்கொண்டு, "கூசுதும்மா" என்றான்.